ரெஜினா மச்சாளின் அட்டையில் என் சிலுவை

செவ்வாய்க்கிழமை காலை. பழைய தொலைபேசி இணைப்புப் பலகையின் பித்தளைத் துளைகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தேன். நூறு துளைகளாவது இருக்கும். ஒன்றை விட்டுவிட்டேனோ என்ற சந்தேகத்தில் மூன்றாம் தரமும் முதலிலிருந்து தொடங்கியிருந்தேன். அப்போதுதான் லூசி கூப்பிட்டார்.

“மடாம் ஜசாந்த், ஒருக்கா இஞ்ச வாங்கோ. ஒண்டு வாசிச்சுக் காட்டவேணும்.”

என் பெயர் ஜெசிந்தா. பிரெஞ்சு வாயில் அது ஜசாந்த் ஆகிவிடும். லூசி பேசியதும் பிரெஞ்சுதான். ஆனால் என் காதில் விழும்போது அது எங்கட தமிழாகத்தான் விழுகிறது. அப்படியே எழுதுகிறேன், குறை நினைக்க வேண்டாம்.

மொன்றியலில் நான் துப்புரவு வேலை செய்கிற, பழைய கருவிகளை வைத்துக் காட்டும் சின்ன நூதனசாலையின் பொறுப்பாளர் லூசி. முப்பத்தைந்து வயதிருக்கும். சுவரில் மாட்டும் ஒவ்வொரு விளக்கக் குறிப்பையும் அச்சுக்குக் கொடுக்க முன்னர் எனக்கு வாசித்துக் காட்டுவார். “உங்களுக்கு விளங்கினா எல்லாருக்கும் விளங்கும்” என்பார். முதல் தரம் அதைக் கேட்டபோது மனம் கொஞ்சம் நொந்தது. பிறகு பழகிவிட்டது. இப்போது, உண்மையைச் சொன்னால், கொஞ்சம் பெருமை.

மேசையில் வெள்ளைத் துணி விரித்து எட்டு அட்டைகளை வரிசையாக வைத்திருந்தார். மங்கிப்போன மஞ்சள் அட்டைகள். தொழிற்சாலைக்குள் வரும்போதும் போகும்போதும் மணிக்கூட்டின் வாய்க்குள் செருகி நேரம் பதிக்கிற அட்டைகள். நாங்கள் அதைக் ‘காட் அடிக்கிறது’ என்போம். நகரின் வடக்கே எப்போதோ மூடிப்போன ஒரு தையல் தொழிற்சாலையின் நிலவறையில் அந்த மணிக்கூடும் அட்டைக் கட்டுகளும் கிடந்தனவாம். சனிக்கிழமை திறக்கப்போகும் புதிய கண்காட்சிக்கு அவைதான் நடுப்பொருள்.

லூசி தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார்.

“ரெஜினா என்ற தொழிலாளியின் வாராந்த அட்டைகள். நான்கு அட்டைகளின் மேல்மூலையில் பென்சிலால் இடப்பட்டுள்ள சிறு குறியைக் கவனியுங்கள். எச்சரிக்கைக்கு உள்ளான தொழிலாளரை மேற்பார்வையாளர்கள் இவ்வாறு அடையாளமிட்டனர் எனக் கருதலாம். குறியிடப்பட்ட வாரங்களில் ரெஜினா நாள்தோறும் இருபது நிமிடம் முன்னதாகவே வந்திருக்கிறார். கடிகாரத்தின் அச்சம் மனிதரை எவ்வாறு மாற்றியது என்பதற்கு இவை சாட்சி.”

நான் குனிந்து பார்த்தேன். நான்கு அட்டைகளில் ஒன்றும் இல்லை. மற்ற நான்கிலும், வலது மேல்மூலையில், ஒரு நெல்மணி அளவில், ஒரு சிலுவை. குறுக்குக்கோடு வலப்பக்கம் கொஞ்சம் சரிந்திருந்தது.

கையிலிருந்த துணி நனைந்திருந்ததா உலர்ந்திருந்ததா என்று கேட்டால் இப்போது சொல்லத் தெரியாது.

“விளங்குதோ?” என்றார் லூசி.

“விளங்குது.”

“அட்டையில இருக்கிற முழுப்பேர் தமிழ்ப் பேர்தானே? உங்கட கோயில்ல எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும் எண்டு சொல்லுவீங்கள். இந்த ரெஜினாவைத் தெரியுமோ? உயிரோட இருந்தா சனிக்கிழமை கூப்பிட ஆசை. எச்சரிக்கை வாங்கேக்க எப்பிடி இருந்தது எண்டு கேக்கவேணும்.”

“தெரியாது” என்றேன்.

ரெஜினா என் கணவரின் அக்கா. எனக்கு மச்சாள். அவர் எச்சரிக்கை வாங்கியதே இல்லை. அந்த நான்கு அட்டைகளில் சிலுவை போட்டவள் நான்.

எக்ஸ்ரே குழாயும் நானும்

இந்த நூதனசாலையைப் பற்றி இந்தப் பத்தியில் முன்பும் ஒரு வாரம் தொட்டுக்காட்டியிருந்தேன். புதிதாக வாசிப்பவர்களுக்காகத் திரும்பவும் சொல்கிறேன். லஷீன் கால்வாய்க் கரையில், ஒரு காலத்தில் கயிறு முறுக்கிய செங்கல் கட்டடம். மூன்றே அறைகள். முதல் அறையில் நீராவி இயந்திரம். ஒரு பொத்தானை அழுத்தினால் அதன் சில்லு சுற்றும். இப்போது அதைச் சுற்றுவது மின்சாரம்தான், நீராவி இல்லை. இரண்டாம் அறையில் தராசுகள், தந்தி அடிக்கும் கருவி, எக்ஸ்ரேயின் பழைய கண்ணாடிக் குழாய். மூன்றாம் அறை தொழிற்சாலைகளுக்கு.

கோட்-டெ-நெய்ஜில் ஒரு மருத்துவமனையில் நீண்ட காலம் துப்புரவு வேலை செய்து முழங்கால் தேய்ந்த பிறகு எனக்குக் கிடைத்த இலேசான வேலை இது. கிழமைக்கு மூன்று காலை. மெழுகு எண்ணெய் வாசம், மரத்தூசி வாசம், குளிர்காலத்தில் சூடேற்றிக் குழாய்கள் இடும் முக்கல்.

வந்த புதிதில் எக்ஸ்ரே குழாய்ப் பெட்டியை மூச்சை அடக்கிக்கொண்டு துடைப்பேன். துடைத்து முடித்ததும் வாசலுக்கு ஓடிப்போய் மூச்சை விடுவேன். இரண்டு மாதம் இப்படி நடந்தது. மருத்துவமனையில் எக்ஸ்ரே அறைக் கதவில் இருக்கும் மஞ்சள் எச்சரிக்கைப் படம் மனதில் பதிந்துபோயிருந்தது. ஒருநாள் லூசி கண்டுவிட்டார்.

“உங்களுக்கு இழுப்பு வருத்தமோ?”

விசயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. குழாயை வெளியே எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். பறவை முட்டை போல இலேசாக இருந்தது. “மின்சாரம் இல்லாட்டி இது வெறும் போத்தல், மடாம் ஜசாந்த்.”

அன்றைக்குத்தான் லூசியில் எனக்கு விருப்பம் வந்தது. அவருக்குப் பொய் சொன்னது அதனால்தான் இன்னும் வலித்தது.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஊரில் சண்டை நடந்த காலத்தில் பள்ளிக்கூடம் அகதி முகாமானது. மீண்டும் பள்ளிக்கூடம் ஆனபோது வீட்டில் தம்பி தங்கச்சிமாரைப் பார்க்க ஆள் தேவைப்பட்டது. எங்கள் பள்ளியில் விஞ்ஞான ஆய்வுகூடத்துக்குள் ஒன்பதாம் வகுப்பிலிருந்துதான் விடுவார்கள். யன்னல் கம்பியால் எட்டிப் பார்த்திருக்கிறேன். போத்தல்கள், ஒரு தராசு, ஒரு சின்ன மணிக்கூடு. அவ்வளவுதான் நான் கண்ட விஞ்ஞானம். இப்போது அந்த மாதிரித் தராசுகளைக் கிழமைக்கு மூன்று நாள் துடைக்கிறேன். துடைக்கும்போது ஒரு தட்டு கீழே போய்விட்டால் உடைத்துவிட்டேனோ என்று கையை எடுத்துவிடுவேன். அது தானாக மேலே வரும்வரை பார்த்துக்கொண்டு நிற்பேன்.

ஆறு நாற்பத்தொன்று

இனி அந்த அட்டைக் கதை. இதை நான் எழுதுவேன் என்று போன வாரம்வரை எனக்கே தெரியாது.

நான் மொன்றியலுக்கு வந்த காலத்தில் வேலை அனுமதிப் பத்திரம் கைக்கு வரப் பல மாதங்கள் எடுத்தன. தபால்காரனின் காலடிச் சத்தத்துக்குக் காதைக் கொடுத்துக்கொண்டு வீட்டில் இருந்தேன். ரெஜினா மச்சாள் எனக்கு முன்பே வந்தவர். வடக்கே ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை. அப்போது அவர் நான்காம் மாதம். ஒருநாள் இரத்தம் கண்டது. பிள்ளை தங்கவேண்டுமானால் கட்டிலை விட்டு எழும்பக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். போகாமல் விட்டால் வேலை போய்விடும். அதற்கு முன் இரண்டு பிள்ளைகள் தங்காமல் போயிருந்தன.

மச்சாள் கட்டிலில் படுத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். “ஜெசி, நீயும் கறுப்பு, நானும் கறுப்பு. அவைக்கு என்ன தெரியப்போகுது? நாளைக்கு என்ர காட்டை நீ அடி.”

அடுத்த ஏழு மாதம் நான் ரெஜினா.

அந்த முதல் திங்கட்கிழமை இன்றைக்கும் கண்முன் நிற்கிறது. மணிக்கூடு சுவரில் இருந்தது. கறுத்த மரப்பெட்டி, நெஞ்சளவு உயரம். கீழே ஒரு வாய். பக்கத்தில் ஒரு கைபிடி. அட்டையைச் செருகிக் கைபிடியை இழுத்தால் ‘டிங்’ என்று ஒரு சத்தம், ஊதா மையில் நேரம் விழும். என் கையில் இருந்தது இன்னொருவரின் பெயர். நான் செய்வது பிழை என்று தெரியும். என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு பென்சில் எடுத்து மூலையில் ஒரு சிலுவை போட்டேன்.

சைவக்காரர் எழுதத் தொடங்கும்போது பிள்ளையார் சுழி போடுவதுபோல நாங்கள் சிலுவை போடுவோம். கடிதம், சோதனைத்தாள், சாமான் பட்டியல், எதுவானாலும். அகதி விண்ணப்பத்திலேயே நான் போட்டு, சட்டத்தரணி என்னை ஏசி ஏசி வெள்ளை மை பூசி அழித்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு திங்களும் புது அட்டையில் முதலில் சிலுவை, பிறகு டிங்.

முந்தி வந்ததற்குக் காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். வேலை ஏழு மணிக்கு. பஸ் தவறிவிடும், மெட்ரோ நின்றுவிடும், பனி கொட்டிவிடும், பிந்திப்போனால் கூப்பிட்டு விசாரிப்பார்கள், விசாரித்தால் வாயைத் திறக்கவேண்டும், திறந்தால் அகப்பட்டுவிடுவேன். அதனால் ஒன்றுக்கு இரண்டு பஸ் முந்தி ஏறுவேன். ஆறு நாற்பத்தொன்று. ஆறு முப்பத்தெட்டு. ஆறு நாற்பது. மச்சாளின் அட்டைகளில் ஆறு ஐம்பத்தொன்பதும் ஏழும். சில நாள் ஏழு இரண்டும் உண்டு.

இன்னொருவரைப் பற்றியும் சொல்லவேண்டும். எங்கள் பகுதியின் மேற்பார்வையாளர் எலேனி என்ற கிரேக்கப் பெண். அந்த முதல் நாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். மச்சாள் நல்ல உயரம். நான் கட்டை. ஒன்றும் கேட்கவில்லை. “பொன்ஜூர், ரெஜினா” என்றார். போய் இரண்டு துணிக்கட்டுகளை எடுத்துவந்து என் கதிரையில் வைத்து, கையால் தட்டிச் சமப்படுத்தி, “இப்ப எட்டும்” என்றார்.

ஏழு மாதமும் அந்தத் துணிக்கட்டுகள் அங்கேயே இருந்தன. மச்சாள் திரும்பி வேலைக்குப் போன காலையில் அவை இல்லை. எலேனி அவருக்கும் “பொன்ஜூர், ரெஜினா” என்றாராம்.

அந்தப் பெண்ணைத்தான், தொழிலாளரைக் குறிபோட்டு மிரட்டியவர் என்று சனிக்கிழமை சுவரில் மாட்டப்போகிறார்கள்.

சும்மா கிடக்கிறதை ஏன் கிண்டுறாய்

பின்னேரம் வீட்டுக்கு வந்து இவருக்கு, என் கணவருக்கு, சொன்னேன். இவர் துறைமுகப் பக்கம் சாமான் அடுக்கும் கிட்டங்கியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். எதற்கும் பதறமாட்டார். அதுவே எனக்கு ஒரு பதற்றம்.

“சும்மா கிடக்கிறதை ஏன் கிண்டுறாய்?” என்றார் தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல். “ஆர் வாசிக்கப்போகினம் அதை?”

“வாசிப்பினம். நான் துடைக்கிற கண்ணாடி, எனக்குத் தெரியாதே? மூக்கு முட்டின அடையாளமெல்லாம் கிடக்கும்.”

“அப்ப சொல்லு.”

“சொன்னா என்ர பிரசாவுரிமையைப் பறிச்சுப்போடுவினமோ?”

“அப்ப சொல்லாத.”

இப்படி ஒரு மனிதரோடு என்னத்தைக் கதைக்கிறது? சப்பாத்தைப் போட்டேன். அடுப்பை நிறுத்தியிருக்கிறேனா என்று இரண்டு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, நாங்கள் இருக்கும் கார்ட்டியர்வில்லிலிருந்து பஸ் பிடித்து மச்சாள் வீட்டுக்குப் போனேன்.

மச்சாள் கோட்-டெ-நெய்ஜில் நாலாம் மாடியில் இருக்கிறார். கதவைத் திறக்கும்போதே பொரித்த மீன் மணம். கையில் மஞ்சள். “என்னடி, முகம் பேயறைஞ்ச மாதிரி? ஆருக்கு என்ன?”

“ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை மச்சாள். உங்கட காட் நூதனசாலைக்கு வந்திருக்கு.”

முழுவதையும் சொன்னேன். லூசி எழுதியதை நினைவில் இருந்தபடி சொன்னேன். மச்சாள் அகப்பையைக் கீழே வைத்தார்.

“எச்சரிக்கையோ? எனக்கோ?”

“ஓம்.”

“நான் அந்த மெசின்ல எத்தினை வருசம் இருந்தனான்! ஒருத்தி ஒருநாள் என்னைப் பாத்து விரல் நீட்டினதில்லை. இவள் எப்பிடி அப்பிடி எழுதுவாள்?”

“நான் போட்ட சிலுவையைப் பாத்து.”

“நீ காட்டிலயும் சிலுவை போட்டனியோ?”

“ஒவ்வொரு திங்களும்.”

“விசரி.” அடுப்பைத் தணித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “என்ர காட்டில என்ன நேரம் கிடக்கு?” என்றார்.

“ஏழு. சிலதில ஏழு ரெண்டு.”

“ஐயோ! அதையும் கண்ணாடிக்குள்ள வைக்கப்போறாளோ? கோயில் பங்குச் சனம் முழுக்கப் பாக்குமே! பூசைக்குப் பிந்தி வாறதுக்கே கதைக்குதுகள்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைக்கப்போய் மஞ்சள் கை கண்ணில் பட்டு, குழாயடியில் நின்று கழுவினார். கழுவி முடித்துத் திரும்பியபோது முகம் வேறு மாதிரி இருந்தது.

“ஜெசி, டிலானியை நினைச்சுப் பார்.”

டிலானி அந்தப் பிள்ளை. கட்டிலில் கிடந்து காப்பாற்றிய பிள்ளை. இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை.

“அவள் பிறக்கிறதுக்காக என்ர பேரை நீ சுமந்தனி. ஏழு மாசமும் அதுக்கு ஒரு கறை வராமல் கொண்டுவந்து திருப்பித் தந்தனி. இப்பதான் கறை வரப்போகுது. எனக்குப் பிரெஞ்சும் வராது, அந்தப் பெட்டையையும் தெரியாது. நீதான் பாக்கவேணும்.”

“எனக்குப் பயமாக் கிடக்கு மச்சாள்.”

“உனக்கு எப்பதான் பயமில்லை? அப்பவும் பயந்து பயந்துதானே போனனி. போகாமல் விட்டனியோ?”

மீன் பொரியலைப் பெட்டியில் போட்டுத் தந்து அனுப்பினார். பஸ்ஸில் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மணம்.

பென்சில்

வியாழக்கிழமை மத்தியானம் குறிப்புகள் அச்சுக்குப் போகவிருந்தன. நான் காலையில் வழக்கத்தைவிடவும் முந்திப் போய்விட்டேன். கதவு பூட்டிக்கிடந்தது. கால்வாய்க் கரை வாங்குப் பலகையில் இருந்துகொண்டு, சொல்ல வேண்டியதை மனதுக்குள் பிரெஞ்சில் அடுக்கிப் பார்த்தேன். மூன்று வசனம் தாண்ட முடியவில்லை.

லூசி சைக்கிளில் வந்து இறங்கினார். “இவ்வளவு வெள்ளணவோ?”

அடுக்கி வைத்த பிரெஞ்சு முழுவதும் கால்வாயோடு போய்விட்டது. “ரெஜினாவை எனக்குத் தெரியும்” என்றேன். “பொய் சொல்லிப்போட்டன். அந்தக் குறி மேற்பார்வையாளர் போட்டதில்லை. நான் போட்டது.”

உள்ளே போய், மேலங்கியைக் கூடக் கழற்றாமல், மிச்சத்தையும் சொன்னேன். பத்திரம் வராததை, மச்சாள் படுத்த கட்டிலை, துணிக்கட்டுகளை. லூசி மேசையில் கையை ஊன்றிக்கொண்டு கேட்டார்.

“மூண்டு மாசம்” என்றார் கடைசியில். “மூண்டு மாசமா நான் இந்தச் சின்னக் கோட்டைப் பற்றி எழுதியிருக்கிறன். நூதனசாலைக் குழுவுக்கும் அனுப்பியாச்சு.”

அந்தக் குரலில் கோபம் இருந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். அவர் இடத்தில் நானாக இருந்தாலும் கோபம் வரும்.

“ஒரு பென்சில் தாங்கோ” என்றேன்.

தந்தார். மேசையில் வைத்து அதைப் போட எனக்கு வராது. அந்தக் காலத்தில் சுவரோடு நின்று போட்டுத்தான் பழக்கம். ஒரு வெற்றுத்தாளைச் சுவரில் வைத்துப் பிடித்து, மூலையில் போட்டேன். நெல்மணி அளவு. குறுக்குக்கோடு வலப்பக்கம் சரிந்தது. நான் சரிக்கவில்லை, அது தானாகவே சரிந்தது.

லூசி பூதக்கண்ணாடியை எடுத்து அட்டையையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். நான் சூடேற்றிக் குழாய் முக்குவதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். பிரசாவுரிமை, மருத்துவமனை ஓய்வூதியம், மச்சாளின் பெயர் எல்லாம் அந்தக் கண்ணாடிக்கு அடியில் கிடப்பதுபோல இருந்தது.

“ஒண்டு மட்டும் சொல்லுங்கோ” என்றார் நிமிராமல். “எச்சரிக்கை இல்லையெண்டா, ஏன் இருபது நிமிசம் முந்தி வந்தனீங்கள்?”

“பஸ் விட்டிடும் எண்டு பயம்.”

“ஒருத்தரும் உங்களை எச்சரிக்கேல்லையோ?”

“என்னை எச்சரிக்கிறது எப்பவும் நான்தான், மடாம்.”

அவர் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். முதலில் தோள் குலுங்கியது. பிறகுதான் சிரிப்புச் சத்தம் வந்தது. கோபம் முழுதாகப் போகாத சிரிப்பு. ஆனால் சிரிப்பு.

“எக்ஸ்ரே குழாய்க்கு மூச்சை அடக்கின ஆள்தானே” என்றார். “எனக்கு அப்பவே விளங்கியிருக்கவேணும்.”

பிறகு கணினியைத் திறந்தார். என்னைப் பக்கத்தில் இருக்கச் சொன்னார். உங்கள் பெயரைப் போடமாட்டேன், நீங்கள் விரும்பினால் ஒழிய, என்றார். போடவேண்டாம் என்று மூன்று தரம் சொன்னேன். மச்சாளின் முழுப்பெயரும் வேண்டாம், ரெஜினா போதும் என்று முடிவானது. ஒவ்வொரு வசனமாக எழுதி வாசித்துக் காட்டினார். எலேனி வைத்த துணிக்கட்டுகள் வந்த இடத்தில் மட்டும் நான் திருத்தம் சொன்னேன். அவர் ‘ஒன்று’ என்று எழுதியிருந்தார். இரண்டு. எனக்கு ஒன்று போதாது, நான் அவ்வளவு கட்டை.

அன்று மத்தியானம் அச்சுக்குப் போகவில்லை. வெள்ளிக்கிழமைதான் போனது. லூசி அதற்காக யாரோடோ தொலைபேசியில் கெஞ்சியதை நான் தராசைத் துடைத்துக்கொண்டே கேட்டேன்.

சனிக்கிழமை

திறப்பு இரண்டு மணிக்கு. நானும் இவரும் ஒரு மணி இருபதுக்கே போய்விட்டோம். இவர் வழி முழுக்க முணுமுணுத்தார்.

மூன்றாம் அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் எட்டு அட்டைகள். அவற்றுக்குப் பக்கத்தில் குறிப்பு. லூசி அதை ஒரு தரம் எனக்கு வாசித்துக் காட்டியிருந்ததால், பிரெஞ்சு எழுத்துக்களைத் தடவித் தடவி நானே வாசித்தேன்.

“இந்த அட்டைகளை ஒரே பெயரில் இரண்டு பெண்கள் அடித்தார்கள். முதலாமவர் ரெஜினா. அவர் தம் பிள்ளையைக் காப்பாற்றப் படுத்திருந்த மாதங்களில் அவருடைய தம்பியின் மனைவி அவர் இடத்தில் வேலை செய்தார். மூலையில் உள்ள சிலுவை அவர் வேலை தொடங்கும் முன் இட்ட செபக்குறி. உயரம் குறைந்த அவருக்காக மேற்பார்வையாளர் கதிரையில் இரண்டு துணிக்கட்டுகளை வைத்தார். ஒன்றும் கேட்கவில்லை. பஸ் தவறிவிடும் என்ற பயத்தில் அந்தப் பெண் நாள்தோறும் இருபது நிமிடம் முன்னதாகவே வந்தார்.”

இவர் என் தோளுக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றார். எல்லாவற்றையும் விளங்கிக்கொண்டாரோ தெரியாது. “ரெண்டு பஸ் முந்தி” என்றார். “இண்டைக்கும் அதேதான்.”

அந்த மணிக்கூட்டை ஓடவைத்திருந்தார்கள். வருகிறவர்கள் ஆளுக்கொரு புது அட்டை எடுத்துத் தங்கள் பெயரை எழுதி அடித்துக்கொண்டு போகலாம், நினைவுக்கு. லூசி முதல் அட்டையை என்னிடம் நீட்டினார்.

அனுமதிப் பத்திரம் வந்த பிறகு நான் அந்தத் தொழிற்சாலைக்குத் திரும்பிப் போகவில்லை. அங்கே எல்லோருக்கும் நான் ரெஜினா. மருத்துவமனையில் நெஞ்சில் கொழுவுகிற இலக்கத் தகடு தந்தார்கள். ஆக, என் சொந்தப் பெயரில் ஓர் அட்டையை நான் அடித்ததே இல்லை.

பென்சிலை வாங்கி, சுவரில் வைத்து, மூலையில் சிலுவை போட்டேன். பிறகு ஜெசிந்தா என்று தமிழில் எழுதினேன். கைபிடி நான் நினைத்ததைவிடப் பாரம். டிங். ஊதா மை. ஒன்று இருபத்தொன்பது. பார்த்துக்கொண்டே நின்றேன். மை காயட்டும் என்று ஊதினேன்.

ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பங்கிலிருந்தும் நாலைந்து பேர். டிலானி தன் வகுப்புப் பிள்ளைகள் போல எல்லோரையும் வரிசையில் நிற்கவைத்தாள். இரண்டு மணிக்கு லூசி பேசத் தொடங்கினார். மச்சாளைக் காணவில்லை. விழுந்துவிட்டாரோ, மெட்ரோவில் பிழையான பக்கம் ஏறிவிட்டாரோ, வரப் பிடிக்காமல் நின்றுவிட்டாரோ. நான் கதவையே பார்த்தேன். லூசி என்ன பேசினார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கதவு திறந்தது. கோயில் திருநாளுக்குக் கட்டுகிற ஊதாச் சேலை, மேலே குளிரங்கி, கையில் ஒரு பெரிய மீன் பொரியல் பெட்டி. நேரே கண்ணாடிப் பெட்டிக்குப் போய், தன் ஏழு இரண்டுகளை ஒருமுறை முறைத்துப் பார்த்தார். பிறகு மற்ற நான்கு அட்டைகளுக்கு முன்னால் நின்றார். கனநேரம் நின்றார். டிலானி காதுக்குள் குறிப்பைத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதன்பிறகு என்னிடம் வந்து, ஒரு புது அட்டையை என் கையில் திணித்தார். ரெஜினா என்று எழுதியிருந்தது.

“இந்தா, நீயே அடி. சனத்துக்கு முன்னால எனக்கு வெக்கமாக் கிடக்கு.”

நான் அட்டையை மணிக்கூட்டின் வாய்க்குக் கொண்டுபோனேன். மச்சாள் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“பொறு. முதல்ல உன்ர சிலுவையைப் போடு.”

சுவரில் வைத்துப் போட்டேன். செருகிக் கைபிடியை இழுத்தேன்.

டிங்.

இரண்டு மணி ஒன்பது நிமிடம்.